ஆசைக்கும் காசுக்கும் நடுவே

திட்டம் ஏதுமின்றி, அந்த நேரத்து ஆசையில் ஒரு பொருளை வாங்கிவிடுவதை வணிக உலகம் 'இம்பல்ஸ் பையிங்' என்கிறது. கடைக்குக் கிளம்பும்போது மனதில் இல்லாத பொருள், வீடு திரும்பும்போது பையில் இருக்கும். அதற்குக் கொடுத்த காசு பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுக்கென ஒதுக்கியதாக இருக்கும்.

இந்தப் பழக்கத்தை முறையாக வகைப்படுத்தியவர்களில் முன்னோடி அமெரிக்கரான ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன். 1962இல் எழுதிய கட்டுரையில் இதை நான்காகப் பிரித்தார். முதலாவது தூய உந்துதல்: வழக்கத்தை மீறி, பார்த்ததும் வாங்குவது. இரண்டாவது நினைவூட்டல்: அலமாரியில் சீயக்காயைப் பார்த்ததும் வீட்டில் தீர்ந்துபோனது ஞாபகம் வருவது. மூன்றாவது தூண்டல்: அதுவரை கேள்விப்படாத ஒரு பாத்திரத்தைக் கண்டதும் அது இல்லாமல் சமையல் நடக்காது என்று தோன்றுவது. நான்காவது பாதித் திட்டம்: தள்ளுபடியில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு கடைக்குள் நுழைவது. நினைவூட்டலால் வாங்குவதில் பெரிய கேடு இல்லை. மற்ற மூன்றும்தான் குடும்பக் கணக்கைக் குலைக்கின்றன.

வலி குறைந்தால் செலவு கூடும்

காசு கையை விட்டுப் போகும்போது மனம் சிறிதளவு வலிக்கிறது. 'கொடுக்கும் வலி' என்று பொருளாதார உளவியலாளர்கள் குறிப்பிடும் இந்த உணர்வே செலவுக்கு இயற்கையான கடிவாளம். நூறு ரூபாய்த் தாளை எடுத்து, எண்ணி, நீட்டி, சில்லறை வாங்கும்போது அது முழுதாக வேலை செய்கிறது. பொருள் இன்று, பணம் பிறகு என்று ஆகிவிட்டால் மங்கிப்போகிறது.

டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகள் ஏலம் விடப்பட்டன. ரொக்கமாகத் தர வேண்டியவர்கள் கேட்ட விலையைவிடக் கிரெடிட் கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை மிக அதிகம். ஏறத்தாழ இரு மடங்கு வரை போனது. ஆட்டமும் இருக்கையும் ஒன்றுதான். பணம் போகும் வழி மட்டுமே வேறு.

இந்தியாவில் அந்த வழி பத்தே ஆண்டுகளில் மாறிவிட்டது. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யுபிஐ முறையில், 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. 2022இல் வந்த யுபிஐ லைட் வசதியில் சிறு தொகைகளுக்கு ரகசிய எண்கூடத் தேவையில்லை. பணம் அனுப்புவதில் யுபிஐ செய்திருக்கும் நன்மை பெரிது. அதே வசதி, ஆசைக்கும் காசுக்கும் நடுவே இருந்த சில நிமிட இடைவெளியையும் எடுத்துவிட்டது.

குடுபல்லியின் கணக்கு

இந்த இடைவெளி போனதன் விளைவை ஒரு வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் ஒன்றையொன்று தொடும் குப்பம் வட்டாரத்தில், சித்தூர் மாவட்டத்தின் ஓர் ஓரத்தில் இருக்கிறது குடுபல்லி மண்டலம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர்கள் இவை. இதன் எல்லைக்குள் இருக்கும் பிசாநத்தம் ஒரு காலத்தில் தங்கச் சுரங்கத்தால் அறியப்பட்டது. கோலார் தங்க வயலை நடத்திய பொதுத்துறை நிறுவனம் 2001இல் மூடப்பட்டபோது இங்கும் வேலை நின்றது. ஜோலார்பேட்டை–பெங்களூரு ரயில் பாதையில் குப்பத்துக்கு அடுத்த நிலையம் குடுபல்லி. இந்த வட்டாரத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்பும் கூலித் தொழிலாளர்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட ஊரில் வருமானம் ஒரே தேதியில் வருவதில்லை. பால் பணம் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். பட்டுக்கூடு, தக்காளிப் பணம் விற்றபோது வரும். ரயிலேறிப் போகிறவரின் கூலி நாளுக்கோ வாரத்துக்கோ ஒருமுறை கைக்கு வரும். முன்பு செலவுக்கும் இதே போன்ற இடைவெளிகள் இருந்தன. சந்தை வாரத்தில் ஒரு நாள்தான். துணி எடுப்பது பொங்கலுக்கோ உகாதிக்கோ கங்கம்மா ஜாத்திரைக்கோ. நகை வாங்கக் கல்யாணம் வர வேண்டும். ஆசை திங்கட்கிழமை வந்தால் சந்தை நாள் வரை காத்திருந்தாக வேண்டும். அதற்குள் பாதி ஆசைகள் தாமாகவே அடங்கிவிடும்.

இன்று அந்தச் சந்தை கைப்பேசிக்குள் எந்நேரமும் கூடியிருக்கிறது. பெங்களூர் ரயிலில் கழியும் இரண்டு, மூன்று மணி நேரமும் கடைவீதியில் நடப்பது போலத்தான். வருமானம் விட்டுவிட்டு வர, செலவு மட்டும் விடாமல் போகும்போது இடையில் விழும் பள்ளத்தைக் கடன் நிரப்புகிறது.

சின்னச் செலவுகளும் இதில் அடங்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பதால் யாரும் அவற்றைக் கணக்கில் வைப்பதில்லை. இந்தியச் சந்தை இதை முன்பே அறிந்திருந்தது. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைப் பரவலாக்கியவர்கள் கடலூர்க்காரர்கள், சி.கே. ரங்கநாதனின் 'சிக்' ஷாம்பு பின்னாளில் 50 பைசாவுக்கே கிடைத்தது. பாட்டில் வாங்க முடியாத குடும்பத்துக்கு அது வசதிதான். ஆனால் விலை சிறிதாக ஆக, யோசிக்கும் நேரமும் சிறிதாகிறது. வேலைக்குப் போகும் வழியில் நாளுக்கு 50 ரூபாய் இப்படிக் கரைந்தால், மாதம் 26 வேலை நாட்களுக்கு 1,300 ரூபாய். ஆண்டுக்கு 15,600 ரூபாய்.

கடைக்காரரின் கலை

வாங்குபவரின் அவசரம் பல நேரம் விற்பவர் உருவாக்கியது. பில் போடும் இடத்தில் சாக்லேட்டை வைப்பது பழைய உத்தி. இணையக் கடைகளில் இது நுணுக்கமாகியிருக்கிறது. 'இன்னும் இரண்டுதான் பாக்கி' என்ற பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஏற்றுவது, 'வேண்டாம்' என்று சொல்பவரைக் கூச வைக்கும் வாசகம், எளிதில் விலக முடியாத சந்தா என இவை பல வகை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தன. இவற்றில் சிக்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இன்னொரு உத்தி 'வட்டியில்லாத் தவணை'. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடையில் ஒரு கைப்பேசியின் விலை 18,000 ரூபாய். மாதம் 3,000 வீதம் ஆறு தவணை, வட்டி கிடையாது என்கிறார்கள். மொத்தமாகக் கொடுத்தால் 1,000 ரூபாய் தள்ளுபடி. தவணைக்குச் செயலாக்கக் கட்டணம் 200 ரூபாய். அப்படியானால் பொருளின் உண்மை விலை 17,000. தவணையில் எடுப்பவர் கூடுதலாகத் தருவது 1,200. மாதாமாதம் குறைந்துகொண்டே போகும் கடனுக்கு இந்தத் தொகை மாதம் 2 சதவீத வட்டிக்குச் சமம். ஊர்ப் பேச்சில் சொன்னால் 'ரெண்டு வட்டி'. இந்திய ரிசர்வ் வங்கியும் 2013 செப்டம்பரிலேயே இதைச் சுட்டிக்காட்டியது: கிரெடிட் கார்டு பாக்கிக்கான பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி, கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கிறது என்று வங்கிகளை எச்சரித்தது.

கிரெடிட் கார்டு பாக்கி இதைவிடக் கடுமையானது. மாதம் 3.5 சதவீத வட்டியில் 20,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பவர், 'குறைந்தபட்சத் தொகை' என்று 1,000 ரூபாய் மட்டும் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 700 வட்டிக்கும், அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியாக 126 ரூபாயும் போய்விடும். அசலில் குறைவது 174 ரூபாய்தான்.

நெருக்கடி வரும் வழி

இந்தச் சுமை ஒரே நாளில் தெரிவதில்லை. முதலில் சேமிப்பு நிற்கிறது. அடுத்து அவசரச் செலவுக்கென்று வைத்திருந்த பணம் கரைகிறது. பிறகு பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வரும்போது நகை அடகுக்குப் போகிறது. கடைசியில் பழைய கடனைக் கட்டப் புதிய கடன் வாங்கப்படுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அதற்குள் பழசாகியிருக்கும். தவணை மட்டும் புதிதாகவே இருக்கும்.

நாட்டளவிலும் இந்தப் போக்கு தெரிகிறது. கொரோனா முடக்கத்தால் செலவு சுருங்கிய 2020-21இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2022-23இல் அது சுமார் 5 சதவீதமாக இறங்கியது. குடும்பங்களின் கடன் கூடியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, ஈடில்லாத் தனிநபர் கடன்களுக்கும் கிரெடிட் கார்டு பாக்கிகளுக்கும் வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டியது.

எளிதாகக் கிடைக்கும் கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திரம் 2010இல் பார்த்தது. நுண்கடன் நிறுவனங்கள் ஒரே வீட்டுக்குப் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. ஒன்றின் வாரத் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன் வாங்கும் நிலை வந்தது. வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகவே, அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த புதிய நெறியின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் தரும்போது, அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அந்தப் பாதி என்பது கடன் கொடுப்பவருக்கு விதித்த உச்சவரம்பு. குடும்பம் தனக்கு வைத்துக்கொள்ளும் வரம்பு அதைவிடக் கீழே இருப்பதே நல்லது.

முடியும் என்பதற்குச் சான்று

ஆசையை அடக்க ஏழைகளால் ஆகாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஹைதராபாத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு வேறு ஒன்றைச் சொல்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் அந்நகரின் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் நுண்கடன் கிளைகள் திறக்கப்பட்டபின் என்ன மாறியது என்று பார்த்தார்கள். முடிவுகள் 2015இல் வெளியாயின. குடும்பங்களின் மொத்த நுகர்வில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கடன் கிடைத்த பகுதிகளில் நீடித்து உழைக்கும் பொருட்களுக்கான செலவு கூடியது. புகையிலை, மது, வெளியே வாங்கும் டீ, பலகாரம் போன்ற சபலச் செலவுகள் குறைந்தன. தெளிவான இலக்கும் கட்டியே ஆகவேண்டிய தவணையும் இருந்தபோது, கையிலிருந்து சிதறும் காசை மக்களே இழுத்துப் பிடித்தார்கள். 2019இல் பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

இதற்கும் முந்தைய சான்று ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிறது. அறிவொளி வகுப்புகளில் பிறந்த விழிப்பில், தூபகுண்டா என்ற கிராமத்தின் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டார்கள். கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே கடை இருந்ததுதான் அவர்களுடைய சிக்கல். போராட்டம் பரவி, 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. அந்தப் பெண்கள் அத்தோடு நிற்கவில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் சேர்க்கும் 'பொதுபு லட்சுமி' சேமிப்புக் குழுக்கள் நெல்லூரில் எழுந்தன. தெலுங்கில் பொதுபு என்றால் சிக்கனம், சேமிப்பு. ஆந்திரத்தின் மகளிர் குழு இயக்கத்துக்கு இது ஒரு முக்கிய வித்து. கண்ணெதிரில் இருந்த கடையை அகற்றியதும், மிஞ்சிய காசுக்கு உடனே ஓர் இடம் காட்டியதும் சேர்ந்தே பலன் தந்தன.

இடைவெளியை மீட்கும் வழிகள்

மன உறுதியை மட்டும் நம்பினால் உந்துதல் வெல்லும். பழக்கத்தை வெல்ல, ஆசைக்கும் பணத்துக்கும் நடுவே பழைய இடைவெளியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கான படிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைகின்றன.

முதல் படி எழுதுவது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் குடும்பக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். 'ககேய்போ' என்று அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செலவான பணத்தை அன்றே கையால் எழுதினால், யுபிஐ எடுத்துவிட்ட வலி தாமதமாகவேனும் திரும்பி வரும். ஒரு மாதம் எழுதியபின், திட்டமிட்டதற்கு ஒரு நிறம், திடீரென வாங்கியதற்கு ஒரு நிறம் என்று அடிக்கோடிட்டால் காசு ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

இரண்டாவது படி, வருமானம் வந்த அன்றே சேமிப்பை எடுத்துவிடுவது. செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. அஞ்சலகத் தொடர் வைப்பு, மகளிர் குழுச் சேமிப்பு, பதிவு பெற்ற சீட்டு ஆகியவை கைக்கு எட்டும் வழிகள். சீட்டுக் கட்டுவோர் அது 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று பார்ப்பது அவசியம். எளிதில் எடுக்க முடியாத சேமிப்பின் பலனைப் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு ஒன்று அளந்தது. குறித்த இலக்கை எட்டும்வரை பணத்தை எடுக்க முடியாத கணக்கு முன்வைக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் சேமிப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஓராண்டில் சுமார் 80 சதவீதம் கூடியது.

இந்த ஏற்பாடு திருப்பதி மண்ணுக்குப் புதிதல்ல. வேண்டுதல் வைத்தவர்கள் மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்தருகே வைப்பார்கள். வீட்டில் என்ன கஷ்டம் வந்தாலும் அந்த முடிச்சில் கை வைப்பதில்லை. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கி, இன்றளவும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் என்று தலபுராணம் சொல்லும் ஏழுமலையானுக்குத் தெலுங்கில் 'வட்டிகாசுலவாடு' என்றே ஒரு பெயர். அவருக்கான காசைத் தொடாத அதே கட்டுப்பாட்டைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் தனித்தனி முடிச்சாக வைத்துக்கொண்டால், அதுவே வலுவான பட்ஜெட்.

மூன்றாவது படி, பணம் கொடுப்பதைச் சற்றுக் கடினமாக்குவது. வருமானம் வரும் வங்கிக் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், வாரச் செலவுக்குரிய தொகையை மட்டும் வேறொரு கணக்குக்கு மாற்றி அதை இணைக்கலாம். இணையக் கடைகளில் சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழித்துவிடலாம். ரகசிய எண் கேட்காத வசதியை அணைத்து வைக்கலாம். தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்திவிடலாம்.

நான்காவது படி காத்திருப்பு. சிறு பொருளுக்கு ஒரு நாள், பெரிய பொருளுக்கு ஒரு மாதம் என்று வீட்டில் விதி வைத்து, வேண்டியதை ஒரு தாளில் தேதியோடு குறித்து வைக்கலாம். வாரச் சந்தை முன்பு செய்த வேலையை இந்தத் தாள் செய்யும். கெடு முடிந்தபின்னும் வேண்டும் என்று தோன்றினால், அது தேவையாகவே இருக்கக்கூடும். கைப்பேசிச் செயலியில் அவசரப்பட்டுக் கடன் வாங்கியவருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, குறைந்தது ஒரு நாள் மறுயோசனைக் காலம் தரப்பட வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய வட்டியையும் கட்டி, அபராதமின்றி விலகலாம். நியாயமான செயலாக்கக் கட்டணத்தை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, ஒன்று மற்றொன்றை இழுத்துவருவதைக் கவனிப்பது. பிரெஞ்சு அறிஞர் தெனி திதரோ, பரிசாக வந்த புதிய மேலங்கிக்குப் பொருந்தவில்லை என்று வீட்டுப் பொருட்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிய கதையை 1769இல் எழுதினார். புதிய கைப்பேசிக்கு உறை, காதொலிக் கருவி, கைக்கடிகாரம் என்று தொடர்வதும் அதே சங்கிலிதான். பொருளின் விலையோடு அது இழுத்துவரப்போகும் செலவையும் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் முதலில் புதிய தவணைகளை நிறுத்த வேண்டும். பிறகு எல்லாக் கடன்களையும் வட்டி விகித வரிசையில் எழுதி, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிக்கொண்டே, வட்டி மிகுந்ததை முதலில் தீர்க்க வேண்டும். கார்டு பாக்கியை வங்கி நகைக்கடனுக்கு மாற்றினால் வட்டி பாதிக்கும் கீழே வரும். ஆனால் காலியான கார்டில் மறுபடி செலவு செய்தால் இரு கடன்களும் சேர்ந்து அழுத்தும்.

நோயாகும்போது

சிலருக்கு இது பழக்கத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வாங்காவிட்டால் பதற்றம், வாங்கியபின் குற்ற உணர்வு, பொருளை மறைத்து வைப்பது, கடனைப் பற்றிப் பொய் சொல்வது ஆகியவை அதன் அடையாளங்கள். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பெலின் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதை 'ஓனியோமேனியா' என்று குறிப்பிட்டார். 2022 முதல் நடப்பிலுள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனித் தலைப்பு இல்லை. உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுள் பிற வகையாக இது கருதப்படுகிறது. இந்த நிலையில் இருப்பவரைத் திட்டுவதால் பயன் இல்லை, சிகிச்சை வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் இலவசமாகப் பேசலாம்.

ஆசைக்கும் ஒரு முடிச்சு

மற்றவர்களுக்கு ஆசையை அறவே துறப்பது தீர்வாகாது. கடும் பட்டினி இருந்தவர் ஒரு நாள் அளவில்லாமல் சாப்பிடுவது போல, எதுவுமே வாங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு சில வாரங்களில் உடைந்து முன்பைவிடப் பெரிய செலவில் முடியும். அதனால் மாத வருமானத்தில் ஒரு சிறு பகுதியை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பணமாக, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்குவது நல்லது. அதை ரொக்கமாகத் தருவது இன்னும் நல்லது.

குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரைக்குப் போகும் குழந்தையின் கையில் பெரியவர்கள் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்புவது இந்த முறைதான். குழந்தை வளையல் கடை, பொம்மைக் கடை, ராட்டினம் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கையில் இருப்பது எதற்குப் போதும் என்று யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். காசு தீர்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடும்.